பட்டா, அ-பதிவேடு, கிஸ்தி ரசீது: கிராமத்து நிலக் கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

கிராமத்தில் நிலம் விலை பேசப் போனால் பெரும்பாலும் முதலில் எடுத்துக் காட்டுவது கிஸ்தி (நிலவரி) ரசீதுக் கட்டைத்தான். "இருபது வருஷமா வரி கட்டிட்டு வர்றோம், பாருங்க" என்பார்கள். ரசீது உண்மையாகவே இருக்கும், முத்திரையும் கையெழுத்தும் சரியாகவே இருக்கும். ஆனால் யார் பணம் கட்டினார் என்பதைத் தவிர அது அதிகம் சொல்லாது. எந்த நிலத்துக்கு, எந்தக் கணக்கில், என்ன வகை வசூல் என்று தெரிய அதோடு நான்கு ஆவணங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: பட்டா, அ-பதிவேடு, புலப்படம், கிரயப் பத்திரம். தமிழ்நாட்டில் முதல் மூன்றையும் வீட்டில் உட்கார்ந்தபடியே பணம் கட்டாமல் பார்க்கலாம். பார்த்ததைச் சரியாகப் படிப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

தேடுவதற்கு முன்

மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகிய ஐந்தும் கையில் இருக்க வேண்டும். இதில் ஆளைக் குழப்புவது கிராமத்தின் பெயர். பேருந்துப் பலகையில் இருப்பது ஒரு பெயர், ஊராட்சிக்கு வேறொரு பெயர், வருவாய் கிராமத்துக்கு மூன்றாவதாக ஒன்று என்று பல இடங்களில் இருக்கிறது. தளம் கேட்பது வருவாய் கிராமத்தின் பெயரை மட்டும்தான். பத்திரத்தின் சொத்து விவரத்தில் "…கிராமம்" என்று வருவதைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பழைய பத்திரம் என்றால் மாவட்டமே மாறியிருக்கலாம். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவையும் 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. வட்டங்களும் பல பிரிந்தன. பத்திரத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கும் நிலம் இன்று தென்காசியின் கீழ் கிடைக்கலாம்.

அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா, சிட்டா பகுதிக்குள் போனதும் கிராமப்புறம், நத்தம், நகரம் என்று பிரித்துக் கேட்கும். வயல், தோட்டம், மானாவாரிக் காடு எல்லாம் கிராமப்புறத்தில் வரும். ஊருக்குள் இருக்கும் வீட்டு மனை நத்தத்தில் வரும். நத்த மனையின் எண்ணைக் கிராமப்புறத்தில் போட்டு, "விவரம் இல்லை" என்று வந்ததும் நிலத்துக்குப் பட்டாவே இல்லை என்று பதறுவோர் உண்டு. நத்தத்தில் தோராயப் பட்டா, தூயப் பட்டா என்று இரண்டு உண்டு. நிலவரித் திட்டத்தில் முதலில் அளந்து கொடுத்தது தோராயம். ஆட்சேபணைகளை விசாரித்து இறுதி செய்தது தூயம். கையில் இருப்பது தோராயப் பட்டா என்றால் தூயப் பட்டாவில் பெயரும் அளவும் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உட்பிரிவிலும் ஒரு சிக்கல் உண்டு. 12/3 என்ற நிலத்தைப் பிரித்து 12/3ஏ, 12/3பி என்று ஆக்கிவிட்டால், 12/3 என்ற எண் கணக்கிலிருந்தே போய்விடும். அப்போது புல எண் 12-ஐ மட்டும் கொடுத்து, அதன் கீழ் வரும் உட்பிரிவுப் பட்டியல் முழுவதையும் பாருங்கள்.

பட்டாவில் பரப்பைப் படிப்பது

முன்பு பட்டாவும் சிட்டாவும் தனித்தனித் தாள்கள். இப்போது இரண்டும் ஒரே தாளில் வருகின்றன. மேலே பட்டா எண்ணும் உரிமையாளர்கள் பெயரும் இருக்கும். கீழே புல எண், உட்பிரிவு வாரியாகப் புன்செய், நன்செய் என்று பிரித்துப் பரப்பும் தீர்வையும் (நிலத்துக்கு விதித்த வரி) இருக்கும்.

பரப்பை ஹெக்டேர், ஏர் என்ற அளவில் எழுதியிருப்பார்கள். ஒரு ஹெக்டேருக்கு 100 ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. "0 - 40.50" என்று இருந்தால் 40.50 ஏர், அதாவது ஒரு ஏக்கர்.

இடையில் இருக்கும் கோட்டைத் தசமப் புள்ளியாகப் படித்துவிட்டால் கணக்கு கெட்டுவிடும். "1 - 5.50" என்பது 1 ஹெக்டேர் 5.50 ஏர். மொத்தம் 105.50 ஏர், சுமார் 2 ஏக்கர் 61 சென்ட். இதையே 1.55 ஹெக்டேர் என்று எடுத்துக்கொண்டால் 3 ஏக்கர் 83 சென்ட் ஆகிவிடும். இல்லாத ஒன்றேகால் ஏக்கருக்கு விலை பேசியதாக முடியும். எந்தப் பரப்பையும் முதலில் முழுக்க ஏராக மாற்றுங்கள், பிறகு 2.47-ஆல் பெருக்கிச் சென்ட் ஆக்குங்கள். இந்த வரிசையில் போனால் தவறாது.

பெயர்களில் கவனிக்க வேண்டியது கூட்டுப் பட்டா. நான்கு பேர் பெயர் இருந்து ஒருவர் மட்டும் விற்க வந்தால், அவருடைய பங்கு எவ்வளவு என்பது பட்டாவில் தெரியாது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில்தான் தெரியும். "நாலு பேருக்கும் சம பங்கு" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கிரயம் செய்துகொண்டவர்கள் நீதிமன்றப் படியேறுவது ஊருக்கு ஊர் நடப்பதுதான்.

அச்சுப் பிரதியில் குறிப்பு எண்ணும் கியூஆர் குறியீடும் இருக்கும். பிறர் தரும் பட்டா நகலை அப்படியே ஏற்க வேண்டாம். அதே தளத்தில் பட்டாவைச் சரிபார்க்கும் பகுதியில் குறிப்பு எண்ணைக் கொடுத்துத் திரையில் வருவதோடு ஒப்பிடுங்கள். அதைவிடவும் நல்லது, புல எண்ணை வைத்து நீங்களே புதிதாக ஒரு பிரதி எடுப்பது. பழைய பிரதி எடுத்த நாளுக்குப் பிறகு பட்டா வேறு பெயருக்குப் போயிருக்கலாம்.

அ-பதிவேடு

பட்டா என்பது ஆளை வைத்து எழுதிய கணக்கு. அ-பதிவேடு நிலத்தை வைத்து எழுதியது. ஒரு கிராமத்தில் உள்ள அத்தனை புலமும், தனியார் நிலமோ அரசு நிலமோ, இதில் வரிசையாக இருக்கும். நேரம் குறைவு என்றால் மற்றவற்றை விட்டாலும் இதை விடக்கூடாது.

முதலில் ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), அரசா என்று பாருங்கள். பிறகு புன்செய், நன்செய் வகைப்பாடு. அரசு என்று இருந்தால் குறிப்புப் பகுதியில் என்ன வகை என்று இருக்கும்: ஏரி, வாய்க்கால், ஓடை, மேய்க்கால், மந்தைவெளி, களம், பாதை. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்றும் வரும். இவையும் அரசு நிலமே. "தரிசு" என்ற சொல்லைப் பார்த்துப் பயிர் வைக்காத பட்டா நிலம் என்று எண்ணிவிடக் கூடாது. அனாதீனம் (உரிமையாளர் இல்லாதது என்று கணக்கில் வைத்த நிலம்) என்று இருந்தால் மேற்கொண்டு விசாரிக்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம். புறம்போக்குதானா என்று தனியாகப் பார்க்கவும் அதே தளத்தில் ஒரு பகுதி இருக்கிறது.

அடுத்து பாசன ஆதாரம், இருபோகமா என்பது, மண் வயனமும் ரகமும், மண் தரம். "8 - 3" என்பது போன்ற எண்கள் நிலவரித் திட்ட காலத்தில் மண்ணைப் பார்த்து வகைப்படுத்தியவை. அந்தத் தரத்தை வைத்துத்தான் ஹெக்டேருக்கு இத்தனை ரூபாய் இத்தனை காசு என்று தீர்வை வீதம் அமைந்தது. வீதத்தைப் பரப்பால் பெருக்கினால் அந்த நிலத்தின் தீர்வை. இந்தப் பெருக்கல் உங்களுக்கும் ஒரு சோதனைக் கருவி: வீதம், பரப்பு, மொத்தத் தீர்வை மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், உட்பிரிவு செய்தபோது பரப்பையோ தீர்வையையோ தவறாக ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

குறிப்புப் பகுதியில் நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று படியுங்கள். முக்கியமாகப் பஞ்சமி நிலம். 1892-இல் பிறந்த அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படை செய்த இந்த நிலங்களைப் பட்டியல் சாதியினர் அல்லாதவர்கள் வாங்க முடியாது, வாங்கினாலும் செல்லாது. பழைய அ-பதிவேட்டில் டி.சி. (ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றோ நிபந்தனை என்றோ எழுதியிருந்தது இன்றைய கணினிப் பதிவில் காணாமல் போயிருக்கக்கூடும். அதனால் இணையத்தில் பார்த்ததோடு நிறுத்தாமல், நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்கிப் பாருங்கள்.

யுடிஆர் என்று எல்லோரும் சொல்லும் அந்தத் திட்டம் 1979 முதல் 1987 வரை நடந்தது. ஏக்கர், சென்ட் கணக்கு ஹெக்டேர், ஏர் ஆனது அப்போதுதான். பெயர் விடுபட்டது, பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஏறியது, பரப்பு குறைந்தது என்று இன்று அடிபடும் வழக்குகளில் பெரும்பகுதியின் வேர் அங்கேதான் இருக்கிறது. கணினி அந்தத் தவறுகளைத் திருத்தவில்லை, அப்படியே ஏற்றிக்கொண்டது. 1979-க்கு முந்தைய பத்திரம் இருந்தால் அதிலுள்ள பழைய புல எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட்டு, பழைய நிலம் முழுவதும் புதிய எண்ணுக்குள் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இனாம் கிராமங்களில் இதற்கும் முன்னே பைமாஷ் எண் (பழைய அளவை எண்) என்று இன்னொரு படி இருக்கும்.

புலப்படம்

புலப்படம் எல்லைக் கோடுகளையும் அவற்றின் நீளத்தையும் காட்டும். இறக்கியெடுத்த படத்தை அச்சடித்து அதன் மேல் ஸ்கேல் வைத்து அளப்பது வீண் வேலை. தாளுக்குள் அடங்கும்படி அச்சடித்தால் படத்தின் அளவுத்திட்டமே மாறிவிடும். கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். அது மீட்டரில் இருக்கும். பழைய கைப்படங்களில் சங்கிலிக் கணக்கும் வரும்: 66 அடி ஒரு சங்கிலி, அதற்கு 100 லிங்க், ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட்.

புலப்படத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. உட்பிரிவு பட்டாவில் இருக்கிறது, படத்தில் இருக்கிறதா? பட்டாவில் 3ஏ, 3பி என்று பிரிந்து, படத்தில் இன்னும் 3 என்றே இருந்தால் நிலத்தில் கோடு போட்டு அளக்கவில்லை என்று பொருள்; எந்தப் பக்கம் யாருக்கு என்பது தெரியாது. இரண்டாவது, பாதை. நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை படத்தில் இல்லாமல் இன்னொருவர் பட்டா நிலத்தின் வழியாகப் போனால், அந்தப் பாதை அவர் தயவில் இருக்கிறது.

செயற்கைக்கோள் படத்தின் மேல் புல எல்லைகளைப் போர்த்திக் காட்டும் அரசு வரைபடத் தளமும் இருக்கிறது. நிலம் எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க நன்றாக உதவும். வேலி போட உதவாது. கோடுகள் சில மீட்டர் தள்ளி விழும். எல்லை தெரிய வேண்டுமென்றால் அத்து காட்டச் சொல்லித் தமிழ்நிலம் தளத்தில் விண்ணப்பித்து, நில அளவர் வந்து அளப்பதுதான் வழி.

கிஸ்தி: எவ்வளவு, எதற்கு, எந்தப் பசலிக்கு

நிலவரி பசலி ஆண்டுக் கணக்கில் வசூலாகிறது. ஜூலை 1-இல் தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30-இல் முடியும். ஜூலை முதல் டிசம்பர் வரை உள்ள தேதிக்கு ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழியுங்கள். ஜனவரி முதல் ஜூன் வரை 591-ஐக் கழியுங்கள். 2024 ஆகஸ்ட் என்றால் பசலி 1434. 2025 மார்ச்சும் அதே 1434தான். ரசீதில் தேதி ஒன்றும் பசலி ஒன்றுமாக இருப்பது எப்போதும் பிழையல்ல; பழைய பசலி நிலுவையைப் பிறகு கட்டியிருக்கலாம். ஆனால் பத்துப் பசலிக்கு ஒரே நாளில் கட்டிய ரசீதுகளை "பல வருஷமாகக் கட்டியது" என்று காட்டினால், தேதியைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

தொகை மிகச் சிறியது. தீர்வை வீதம் ஹெக்டேருக்கு 6.18 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர், அதாவது 0 - 40.50-க்கு 2 ரூபாய் 50 காசு வரும். இதோடு தலவரி ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் இன்னொரு 2.50. அதற்கு மேல் தலமேல்வரி. இவை இரண்டும் ஊராட்சி அமைப்புகளுக்கு உரியவை. அரசுப் பாசனத்தைப் பயன்படுத்தினால் தண்ணீர் தீர்வை தனி. புன்செய் நிலத்துக்கு அரசு வாய்க்காலிலிருந்து தண்ணீர் பாய்ச்சினால் தீர்வை ஜாஸ்தி, ஒருபோக நன்செயில் இரண்டாம் போகம் வைத்தால் பசலி ஜாஸ்தி என்ற பெயர்களில் அது கணக்கில் ஏறும். வாய்க்காலில் தண்ணீர் எடுக்காத பசலிக்குத் தண்ணீர் தீர்வை விழுந்திருந்தால், அடங்கலில் (கிராமத்தின் பயிர்க் கணக்கு) என்ன பயிர், எந்தப் பாசனம் என்று எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து அங்கே திருத்தக் கேளுங்கள். கிராமக் கணக்கு எண் 2 ஆன அடங்கலைப் பார்த்துத்தான் இந்தக் கேட்பு உருவாகிறது. பயிர்க் காப்பீட்டுக்கும் கூட்டுறவுச் சங்கப் பயிர்க் கடனுக்கும் கேட்பதும் அதே அடங்கல்தான். அடங்கலில் தரிசு என்று இருக்கும் நிலத்துக்கு நெல்லுக்கான காப்பீடு கேட்டால் நிராகரிப்பார்கள்.

இவ்வளவு சிறிய தொகைக்கு ஏன் மெனக்கெட வேண்டும்? நிலவரிக்கு நிலமே ஈடு. 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நிலுவைக்கு ஜப்தி வரை போக அதில் இடமுண்டு. முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கியும் நிலத்தோடுதான் வரும். கிரயத்துக்கு முன்பு நடப்புப் பசலி வரை கட்டிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தொடர்ச்சியான ரசீதுகள் அனுபோகத்துக்குச் சான்றாக உதவும். உரிமைக்கு அவை மட்டும் போதாது.

இனி ரசீதின் உள்ளே பாருங்கள். பட்டா எண், பசலி, தொகை எந்தத் தலைப்பில் என்ற மூன்றும் முக்கியம். தீர்வை, தலவரி என்ற இடங்கள் காலியாக இருந்து "பி மெமோ" என்று எழுதியிருந்தால் கதை வேறு. பி மெமோ என்பது அரசு நிலத்தை ஆக்கிரமித்ததற்கு, 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி விதிக்கும் தொகை. அந்த ரசீது எத்தனை ஆண்டுக்கு இருந்தாலும், "இவர் ஆக்கிரமிப்பாளர்" என்பதற்கே அது அத்தாட்சி. முதல் பத்தியில் சொன்ன ரசீதுக் கட்டில் இப்படிப்பட்டவை கலந்திருப்பது உண்டு. 2சி பட்டாவும் அப்படித்தான். அரசு நிலத்தில் வைத்த மரத்தின் மகசூலை அனுபவிக்க மட்டும் கொடுப்பது, நிலம் அரசுடையது. இதன் பெயரில் "பட்டா" என்ற சொல் இருப்பதால் ஏமாறுகிறவர்கள் படித்தவர்களிலும் இருக்கிறார்கள்.

பத்திரத்தோடு பொருத்துவது

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்வையிடலாம். 1975-க்கு முந்தைய பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டியிருக்கும். இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுத் தேடினால், அந்த எண் பிறந்த பிறகு பதிவானவை மட்டும் வரும். 12/3ஏ, 12/3, வெறும் 12, யுடிஆருக்கு முந்தைய பழைய எண் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அடமானமும் நடந்த கிரயமும் பழைய எண்ணில்தான் ஒளிந்திருக்கும்.

பத்திரத்தில் பரப்பு கூடுதலாகவும் பட்டாவில் குறைவாகவும் இருந்தால், நம்ப வேண்டியது பட்டா அளவையும் அல்ல, பத்திர அளவையும் அல்ல. முதலில் அளக்க வேண்டும். பத்திரத்தில் கண்ட நான்கு எல்லைகள் களத்தில் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே விலை பேசலாம்.

தவறு இருந்தால், பெயர் மாற்ற வேண்டுமானால்

ஒரு உட்பிரிவு முழுவதையும், பட்டாவில் பெயர் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து விற்றால், பத்திரம் பதிவானவுடன் பட்டா தானாகவே வாங்கியவர் பெயருக்கு மாறும் வசதி இருக்கிறது. விற்பவர் பெயர் பட்டாவில் இல்லை, இறந்துபோன தகப்பனார் பெயரே இன்னும் இருக்கிறது என்றால் இது நடக்காது. ஆகவே பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வரும்படி கிரயத்துக்கு முன்பே விற்பவரிடம் சொல்லுங்கள்.

மற்றபடி தமிழ்நிலம் தளத்தில் கைபேசி எண்ணைப் பதிந்து நீங்களே விண்ணப்பிக்கலாம், அல்லது இ-சேவை மையத்தில் கொடுக்கலாம். உட்பிரிவு இல்லாத இனம், உட்பிரிவு உள்ள இனம் என்று இரண்டு. முதலாவதில் கிராம நிர்வாக அலுவலர் அறிக்கையின் பேரில் மண்டலத் துணை வட்டாட்சியர் ஆணையிடுவார். இரண்டாவதில் குறுவட்ட நில அளவர் வந்து அளக்க வேண்டும், உட்பிரிவுக் கட்டணமும் உண்டு. நிலத்தின் ஒரு பகுதியை வாங்கிவிட்டு, கட்டணமும் அலைச்சலும் மிச்சம் என்று உட்பிரிவு இல்லாத இனத்தில் விண்ணப்பிப்பவர்கள் கடைசியில் கூட்டுப் பட்டாவில் ஒரு பெயராகச் சேர்கிறார்கள். பிறகு விற்கவோ கடன் வாங்கவோ மற்றவர்கள் கையெழுத்தைத் தேடி அலைய வேண்டும்.

நிராகரிப்புக்கு வழக்கமான காரணங்கள்: மூலப்பத்திரம் இணைக்காதது, பட்டாவில் உள்ள பெயருக்கும் விற்றவருக்கும் தொடர்பு காட்டாதது, வாரிசுச் சான்றில் உள்ள ஒருவர் கையெழுத்திடாதது, பத்திரப் பரப்பு பட்டாப் பரப்பைவிடக் கூடுதலாக இருப்பது. இவற்றை முதலிலேயே சரிசெய்து ஒரே கோப்பாக, எழுத்துத் தெளிவாகத் தெரியும்படி ஏற்றுங்கள். கைபேசியில் சாய்வாக எடுத்த படத்தை யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள். வட்டாட்சியர் நிலையில் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டம் தரும் வழி இது. நிலம் யாருக்குச் சொந்தம் என்றே தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான்; வருவாய்த்துறை அதைத் தீர்க்காது.

எழுத்துப் பிழை, பரப்புப் பிழை, விடுபட்ட பெயர் போன்றவற்றுக்கு ஜமாபந்தியையும் பயன்படுத்துங்கள். பசலி முடியும் முன், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், ஒவ்வொரு வட்டத்திலும் நடக்கும் இந்த வருவாய்த் தீர்வாயத்தில் கிராமக் கணக்குகள் எல்லாவற்றையும் உயர் அதிகாரி முன்னிலையில் தணிக்கை செய்வார்கள். உங்கள் பிர்காவுக்கு (குறுவட்டத்துக்கு) என்று ஒரு நாள் இருக்கும். அன்று போனால் உங்கள் ஊர்க் கணக்குப் புத்தகங்களும் கிராம நிர்வாக அலுவலரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். மனுவோடு பட்டா, அ-பதிவேட்டுப் பிரதி, பத்திர நகல் மூன்றையும் வைத்து, எந்தப் பதிவில் எந்த வரி தவறு, எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே பத்தியில் எழுதுங்கள். மனு எண் வாங்காமல் வர வேண்டாம்.

ஆணை கிடைத்த பின் பட்டாவை மட்டும் இறக்கிப் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். அ-பதிவேட்டில் புதிய உட்பிரிவு ஏறியிருக்கிறதா, புலப்படத்தில் கோடு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்த கிஸ்தி கட்டும்போது ரசீதில் புதிய பட்டா எண்ணைப் போடச் சொல்லுங்கள்.